பச்சைப் பிளிமத்தும் கண்ணையனின் இடது காலும்

முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் மணி அடிக்கத் தொடங்கியதும் கண்ணையன் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுகிறார். கேட் இன்னும் நாற்பது கஜம் தள்ளி இருக்கிறது. பச்சைப் பிளிமத் கார் சத்தம் அடங்கி, தன் கனத்திலேயே உருண்டு போய், முன்னால் நிற்கும் வைக்கோல் வண்டிக்கு ஒரு முழம் பின்னால் தானாக நிற்கிறது. பிரேக்கை அவர் தொடுவதில்லை. பின் சீட்டில் இருக்கும் வெளியூர்க்காரர் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எட்டிப் பார்ப்பார். "ஒண்ணுமில்ல சார். ரயிலு போறதுக்கு நாம எதுக்கு பெட்ரோல் ஊத்தணும்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணையன் கீழே இறங்கி, நான்கு சக்கரங்களையும் ஆளுக்கொரு உதை கொடுத்துப் பார்ப்பார். காற்று நிறைந்த சக்கரம் உதைக்கு ஒரு மாதிரி பதில் சொல்லும். குறைந்த சக்கரம் வேறு மாதிரி சொல்லும். அந்த வித்தியாசம் மற்றவர்கள் காதில் விழுவதில்லை.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒல்லி. காக்கிச் சட்டையின் மேல் பித்தானை வெயில் காலத்திலும் போட்டுத்தான் இருப்பார். ஹார்ன் அடிக்க மாட்டார். ஹார்ன் பாட்டரியில் ஓடுகிறது, பாட்டரி டைனமோவில் ஏறுகிறது, டைனமோ என்ஜினில் சுற்றுகிறது, என்ஜின் பெட்ரோல் குடிக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஹார்னும் ஒரு சொட்டுப் பெட்ரோல் என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாக ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கூப்பிடுவார். "யம்மா கீரக்கூட, ஓரமா வா!" "சைக்கிளு, ஏ வெள்ளச் சட்ட, ஒன்னத்தான்!" நேரு வீதியில் சந்தை நேரத்தில் அந்தக் குரல் கேட்டால், பார்க்காமலே பச்சைப் பிளிமத் வருகிறது என்று ஜனங்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

வண்டிக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பஞ்சாலையில் எண்ணெய் போடுகிறவராக இருந்தார். நூற்கிற பகுதியில் வரிசையாக ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே எண்ணெய்க் கூஜாவோடு நடந்து, எது வறண்டு போய்க் கத்துகிறது என்று காதால் கண்டுபிடித்து அதற்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். அத்தனை இரைச்சலில் ஒன்றின் முனகலைத் தனியாகப் பிரித்தெடுத்த காது அது. ஆலை ஒரு வருஷம் கதவடைத்தபோது வெளியே வந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, 1968இல் இந்தப் பச்சை வண்டியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆலை திறந்தும் அவர் திரும்பிப் போகவில்லை.

ஆனால் ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காதும் அல்ல, சிக்கனமும் அல்ல. கல்யாண ஊர்வலம்தான்.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் முன்னால் நாயனமும் தவிலும், இரண்டு பக்கமும் காஸ் விளக்கு, நடுவில் பூச்சரம் தொங்கும் திறந்த ஜன்னல் கார். நாயனக்காரர் நாலு அடி வைத்தால் வண்டியும் நாலு அடி வைக்க வேண்டும். அவர் நின்று வாசித்தால் வண்டியும் நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் கையில் வண்டி முட்டி முட்டிக் குதிக்கும். தவில்காரர் வாசிப்பதைவிட முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே அதிகமாக இருக்கும். பாதி ஊர்வலத்தில் கிளட்ச் தீய்ந்து, அந்த நாற்றம் மாப்பிள்ளையின் சந்தனத்தையும் மல்லிகையையும் அமுக்கிவிடும். கண்ணையன் வண்டி அப்படி இல்லை. சாமி பல்லக்கு மாதிரி வரும். மூன்று தெரு ஊர்வலத்தில் தவில்காரர் ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். முகூர்த்தம் குறித்த கையோடு அந்தத் தேதியில் கண்ணையன் வண்டி கிடைக்குமா என்று ஆள் அனுப்பிய வீடுகள் உண்டு. எப்படி அப்படி ஓட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், அவர் இடது முழங்காலைத் தட்டிக் காட்டுவார். "வண்டியில என்னா இருக்கு? எல்லாம் இங்க இருக்கு."

அப்படிப்பட்ட வண்டியைத்தான் பழைய இரும்புக்குப் போடுகிற நிலைமை வந்தது.

வண்டி சுலோசனா டீச்சருடையது. அவர் கணவரை ஊரில் எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி மரியாதையாக முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது, வெளிநாட்டு வண்டிகள் துறைமுகத்தில் சுலபமாக வந்து இறங்கிய நாளில், ஒரே கப்பலில் வந்த இரண்டு பிளிமத்துகளை அவர் வாங்கினார். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. ஆறு சிலிண்டர், ஒரே என்ஜின், ஒரே வயது. முசியே காலமான பிறகும் டீச்சர் இரண்டையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு வண்டியை ராஜாங்கம் ஓட்டினான். கண்ணையனைவிடப் பதினைந்து வயது சின்னவன். வாய் மட்டும் பெரியது.

1974இல் பெட்ரோல் விலை திடுமென ஏறியது. வாடகைக்காரர்கள் இரண்டு தெரு தள்ளிப் போவதற்கும் யோசித்தார்கள். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், யாரையும் கேட்காமல் ஒரு சோதனை வைத்தார். இரண்டு வண்டியிலும் மீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. அதனால் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை நம்பினார். ஒரு சனிக்கிழமை கறுப்பு வண்டியில் டேங்க்கின் கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி, தானே முன் சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் போய் வந்தார். போக முப்பத்தொன்பது, வர முப்பத்தொன்பது. மறுபடி கழுத்து மட்டும் ஊற்றியபோது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பச்சை வண்டியில் அதே மாதிரி. பிறகு கண்ணையனைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே என்ஜின்தானே, கண்ணையன்?"

"ஒரே கப்பல்ல வந்தது டீச்சர்."

"ராஜாங்கம் வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுது. உங்களது அஞ்சரை. நீங்கதான் கேட்டுல கூட என்ஜின அணைக்கிறவர். ஏன் அப்படி?"

டீச்சர் குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையிடம் கேட்கிற குரலில்தான் கேட்டார். அதுதான் கண்ணையனுக்கு அதிகம் வலித்தது. ஆறுக்குக் கீழே ஓடுகிற வண்டியை இந்த விலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆடி முடியும்வரை பார்ப்போம், ஆறு வந்தால் இருக்கட்டும், வராவிட்டால் விற்றுவிடுவோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மறுநாளே எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ஒரு பழைய இரும்புக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். எத்தனை வருஷத்து வண்டி என்று கேட்கவில்லை, எப்படி ஓடும் என்று கேட்கவில்லை. எடை என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டார். கண்ணையன் டிக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஆறு என்ற எண் அவரைப் பிடித்துக்கொண்டது.

முதலில் டிக்கியைக் காலி செய்தார். இரண்டு தேய்ந்த டயர், ஒரு மூட்டை கந்தல், கல்யாண வீட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன பித்தளைக் குடம், கடைசியாக ஒரு அம்மிக்கல். கொத்துவதற்காக எடுத்துப் போய் மறந்தே போனது. அவர் மனைவி அஞ்சலாட்சி அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு மாசமா அண்ட வீட்டு அம்மியில அரைச்சிக்கிட்டு கெடக்கறேன். என் அம்மி தினம் விழுப்புரம் போயி வந்திருக்குது. நான்தான் இன்னும் போவல." கல் இறங்கியது. எண்ணிக்கை ஏறவில்லை.

அடுத்து முதலியார்பேட்டைப் பூவரச மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பக்கிரியிடம் போனார். பக்கிரி நிதானமான ஆள். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பின் சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் எங்காவது பிடித்து இழுக்கிறதா என்று பார்த்தார். கறுப்பு வண்டியின் கார்ப்பரேட்டரைப் பச்சைக்கும், பச்சையுடையதைக் கறுப்புக்கும் மாற்றிப் போட்டுக்கூட ஓட்டினார்கள். கறுப்பு அப்போதும் ஏழுதான் கொடுத்தது. பச்சை எல்லா வைத்தியத்துக்கும் பிறகு அஞ்சே முக்காலுக்கு வந்து அங்கேயே படுத்துக்கொண்டது.

வாடகைக் கார் ஸ்டாண்டில் ராஜாங்கத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. "அண்ணே, டேங்க்குல டியூப்ப வுட்டு உறிஞ்சறத கொஞ்ச நாளைக்கு நிறுத்து. ஆறு தானா வரும்" என்பான். கண்ணையனும் விட மாட்டார். "உறிஞ்சணும்னா உன் வண்டியிலதாண்டா உறிஞ்சணும். இதுல எங்க மிச்சம் கீது?" என்பார். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கண்ணையன் போய்ப் பச்சை வண்டியின் என்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

ஆடி மாதம் பாதி போய்விட்டது. ஊர்வலம் கிடையாது. வீராம்பட்டினம் அம்மன் திருவிழாவுக்குப் போகும் கூட்டம்தான் வண்டிக்குச் சோறு போட்டது. ஒரு நாள் பச்சை வண்டி பட்டறையில் நின்றபோது, விழுப்புரத்தில் இருக்கும் கொழுந்தியாளைப் பார்க்கக் கண்ணையன் ராஜாங்கத்தின் வண்டியில் ஏறிக்கொண்டார். ராஜாங்கம் ரயிலுக்கு வரும் ஒரு குடும்பத்தை அழைத்துவரக் காலியாகத்தான் போய்க்கொண்டிருந்தான். வில்லியனூர் தாண்டியதும் ஒரு சினிமாக் கதையை ஆரம்பித்தான். கண்ணையன் திடீரென்று அவன் தொடையில் கை வைத்து, வாயை மூடு என்றார்.

கிலோமீட்டர் கல் ஒன்று போனது. அவர் வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். எழுபது எண்ணியபோது அடுத்த கல் வந்தது. பச்சை வண்டியில் கல்லுக்குக் கல் எழுபது எண்ணுகிற வேகத்தில் போனால் என்ஜின் எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியும். இங்கே அது கத்தவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திண்டுபோட்டுச் சாய்ந்த மனிதர் மாதிரி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சைலன்சர் மாத்தினியாடா?"

"அதே ஓட்ட சைலன்சர்தான் அண்ணே. உன் வண்டிதான் எப்பவும் மாரடைக்கிற மாதிரி ஓடும். பழகிப்போயி உனக்குத் தெரியல."

ஆறு வருஷமாகப் பச்சை வண்டிக்கு அதுதான் குரல் என்று அவர் நினைத்திருந்தார். ஒவ்வொருவருக்கு ஒரு குரல் இருப்பதுபோல. இப்போதுதான் ஆலை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஒரே அளவு மோட்டார்கள்தான். ஆனால் ஒரு இயந்திரம் வேகமாகச் சுற்றும், பக்கத்து இயந்திரம் மெதுவாகச் சுற்றும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் மேஸ்திரி மோட்டாரைத் தொட மாட்டார். பெல்ட் பட்டை ஓடும் சக்கரத்தை மட்டும் கழற்றி, சின்னதோ பெரியதோ வேறு ஒன்றை மாட்டுவார். ஒரே மோட்டார், ஒரே மின்சாரம். நடுவில் இருக்கும் சக்கரம்தான் வேறு. விழுப்புரத்தில் கொழுந்தியாள் வீட்டில் வைத்த காப்பியை அவர் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளும் பூவரச மரத்தடியில் பின் சக்கரங்கள் தரையைத் தொடாமல் கட்டைமேல் நின்றன. விஷயத்தைக் கேள்விப்பட்டு டீச்சரும் வந்துவிட்டார். அவருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். என்ஜினிலிருந்து சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டில் பக்கிரி சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். ஒரு பக்கச் சக்கரத்தைக் கண்ணையனும், இன்னொரு பக்கத்தை ராஜாங்கமும் பிடித்து, சேர்ந்தாற்போலப் பத்துச் சுற்று சுற்றினார்கள். அதற்குள் தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்று பக்கிரி அடியிலிருந்து எண்ணினார்.

கறுப்பு வண்டிக்கு முப்பத்தொன்பது.

பச்சை வண்டிக்கு நாற்பத்தெட்டு.

டீச்சர் இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். இரண்டாவது தடவையும் நாற்பத்தெட்டுதான். பின் அச்சுக்கு நடுவில் இருக்கும் கிரவுன் பினியன், அதாவது தண்டின் சுழற்சியைச் சக்கரத்துக்கு மாற்றிவிடும் பல்சக்கர ஜோடி, பச்சை வண்டியில் வேறு என்று பக்கிரி சொன்னார். ஏதோ சாமான் வேனில் இருந்து எடுத்ததாக இருக்கும். பாரம் இழுக்கிற பல். என்ஜின் அதிகம் சுற்றும், வண்டி மெதுவாகத்தான் நகரும். அது இரும்பு உருண்டைக்குள் எண்ணெயில் முழுகிக் கிடப்பதால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

டீச்சர் மெல்லச் சிரித்தார். "விழுப்புரம் முப்பத்தொன்பது கிலோமீட்டர். கறுப்பு வண்டி என்ஜின் விழுப்புரத்துக்குப் போகுது. பச்சை வண்டி என்ஜின் அதையும் தாண்டி இன்னும் ஒம்பது கிலோமீட்டர் ஓடுது. நாம மட்டும் விழுப்புரத்திலயே எறங்கிக்கிறோம்."

அப்புறம்தான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. கண்ணையன் வேலைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், ஒரு பெரிய வீட்டு ஊர்வலத்தில் பச்சை வண்டியின் கிளட்ச் எரிந்துபோய், மாப்பிள்ளை இறங்கி நடந்தாராம். முசியேவுக்கு அவமானம் தாங்கவில்லை. பத்து நாள் வண்டியை எங்கோ கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு, கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். "இனிமே இது மனுஷன் நடக்கிற மாதிரி நடக்கும் பாரு" என்று டீச்சரிடம் சொன்னார். என்ன செய்தார் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

அந்தப் பேச்சின் அர்த்தம் எல்லோருக்கும் முன்னால் ராஜாங்கத்துக்குப் புரிந்தது. "அப்ப ஊர்கோலத்துல நடந்தது உன் காலு இல்லியாண்ணே?"

கண்ணையன் அப்போது பச்சை வண்டிக்கு அடியில் குனிந்து, அந்த இரும்பு உருண்டையின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். வெளியே வந்து, கையை மண்ணெண்ணெயில் கழுவினார். அழுக்கு போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். பக்கிரிதான், டப்பா காலியாகிவிடும் என்று அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

வீட்டில் அஞ்சலாட்சியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்து சிரித்தாள். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் மறுநாள் அவர் இடது காலை அவள் மடியில் நீட்டுவார். அவள் நல்லெண்ணெய் தடவி உருவி விடுவாள். ஆறு வருஷமாக நடந்துவரும் வைத்தியம். "அந்த எண்ணெய நான் இரும்புக்கில்ல தடவியிருக்கணும்" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது மட்டும், "வண்டி நிக்கணும்னா அந்தப் பல்ல மாத்தணும். மாத்தினா ஊர்கோலம் போயிடும்" என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "வண்டியே போயிட்டா எந்தக் காலத் தட்டிக் காட்டுவ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டீச்சருக்குத் தயக்கம் இருந்தது. கணவர் கையால் போட்டது. இருக்கட்டும், வண்டியைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கண்ணையன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். "வருசத்துல கல்யாணம் நாப்பது நாளு டீச்சர். மீதி நாளெல்லாம் ரோடுதான். அன்னிக்கி ஊர்கோலம் ஓடிச்சி, முசியே அதுக்குத் தக்கன பண்ணாரு. இன்னிக்கி இருந்தா அவரே மாத்தியிருப்பாரு. மாத்திடுங்க" என்றார்.

மாற்றுவதற்குப் பல் வேண்டுமே. கடைகளில் கிடைக்காது. அரியாங்குப்பத்தில் குஞ்சம்மாள் என்பவரின் தென்னந்தோப்பில் அதே மாதிரி ஒரு வண்டியின் கூடு கிடப்பதாகப் பக்கிரி துப்புக் கண்டுபிடித்தார். போய்ப் பார்த்தால் கண்ணாடி இல்லை, கதவு இல்லை. முன் சீட்டில் மூன்று கோழிகளும் பின் சீட்டில் இரண்டும் அடைகாத்துக்கொண்டிருந்தன. குஞ்சம்மாள் வண்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை, கோழிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். கூட்டை அசைத்தால் முட்டை கூழாகிவிடும் என்றார். வண்டியை அசைக்காமலே அடியில் பள்ளம் தோண்டிப் படுத்து எடுத்துக்கொள்வதாகப் பக்கிரி சத்தியம் செய்தார். சரி, அதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் குஞ்சம்மாளே பதிலையும் சொன்னார்.

"காசெல்லாம் வாணாம். ஆவணியில எம் புள்ளக்கி கண்ணாலம். பச்ச வண்டி ஒண்ணு கீதாமே, நாயனத்துக்குப் பின்னால ஆளு மாதிரி நடந்து வருமாம். அந்த வண்டி வரணும். அதே மாதிரி நடக்கணும்."

பக்கிரி கண்ணையனைப் பார்த்தார். அந்த நடையைக் கழற்றிப் போடுவதற்குத்தான் இந்தப் பல்லை வாங்கவே வந்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் பல் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஆவணியில் ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணையன் ஒரு கோழியைப் பார்த்தபடி நின்றார். அது அவரைப் பார்த்துக் கழுத்துச் சிறகை உப்பியது. பிறகு குஞ்சம்மாளிடம் திரும்பி, "வரும்மா. நடக்கும்" என்றார்.

முட்டை எதுவும் உடையவில்லை. பல் மாறியது. ஆடிக் கடைசிச் சனிக்கிழமை டீச்சர் மறுபடி முன் சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் போய் வந்தார். வழியெல்லாம் வண்டி யார் வீட்டு வண்டியோ போல மெதுவான குரலில் பேசிக்கொண்டு வந்தது. லிட்டருக்கு ஆறே கால். கறுப்பு வண்டி தந்த ஏழு கிலோமீட்டரை அது எட்டவில்லை. ஏன் என்று டீச்சர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பழைய என்ஜினுக்கு உள்தேய்மானம் என்கிறார் பக்கிரி. கட்டிய மனைவிக்கும் அவள் கூடப்பிறந்தவளுக்கும் பசி ஒன்றாகவா இருக்கிறது என்கிறான் ராஜாங்கம். எது எப்படியோ, இரும்புக்காரர் அடுத்த வாரம் வந்தபோது டீச்சர் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

குஞ்சம்மாள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. விடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த கோடிக்குப் போய்க் கண்ணையன் பழகினார். முன்னால் நாயனக்காரராக ராஜாங்கம் நடப்பான். இரண்டு கையையும் வாய்க்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு அடி வேகமாகவும் ஒரு அடி மெதுவாகவும் வைப்பான். முதல் நாள் பம்பர் அவன் பின்னங்காலில் இடித்தது. "யோவ், நான் கண்ணாலம் ஆனவன்யா, பாத்து!" என்று கத்தினான். இரண்டாம் நாள் வண்டி நாலு தடவை நின்றுபோனது. ஐந்தாம் நாள் ஒரு ஓட்டம் முழுக்க இடிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அன்றைக்கு வீட்டில் அவர் காலை நீட்டவில்லை. கால் தானாக நடுங்குவதைப் பார்த்து அஞ்சலாட்சியே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

ஊர்வலம் அரியாங்குப்பத்தில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பியது. குஞ்சம்மாள் புதுப் புடவையில், வண்டியை ஒட்டினாற்போலவே நடந்து வந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் சக்கரத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். கண்ணையன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் கிளட்சில் வைத்திருந்தார். பெருவிரலில் அதன் துடிப்பு தெரிந்தது. முன்பெல்லாம் காலை எடுத்துவிட்டால் போதும், வண்டி தானாக நடந்துவிடும். இப்போது ஒரு நூல் விட்டால் பாய்கிறது, ஒரு நூல் அமுக்கினால் நின்றுவிடுகிறது. அந்த இரண்டு நூலுக்கு நடுவில் முதல் தெரு போனது. இரண்டாவது தெருவும் போனது. தவில்காரர் திரும்பவில்லை. ஜனங்கள் எப்போதும்போல வண்டியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். கண்ணையன் மேல் பித்தானைக் கழற்றிவிட்டார்.

மூன்றாவது தெரு முனையில் நாயனக்காரர் ஏதோ ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு அதை விட மனமில்லாமல், அரை அடி அரை அடியாக நகரத் தொடங்கினார். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. இன்னும், இன்னும் என்றார்கள். கிளட்சிலிருந்து தீய்ந்த வாடை லேசாக எழுந்தது. பின் சீட்டில் மாப்பிள்ளை மூக்கைத் தேய்த்துக்கொண்டான். கண்ணையனின் முட்டி ஆட ஆரம்பித்தது. ரேடியேட்டரின் சூடு முதுகில் பட்டதோ என்னவோ, தவில்காரர் வாசித்தபடியே மெல்லத் திரும்பிப் பார்த்தார். குஞ்சம்மாள் அந்தச் சமயம் மறுபக்கம் யாருக்கோ வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணையன் முகம் நிறையச் சிரித்து, ஸ்டியரிங்குக்கு மேலே வலது கையை உயர்த்தி, நாலு விரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் எட்டிப் போடுங்க, எட்டிப் போடுங்க என்று முன்பக்கமாக அசைத்தார்.